கஞ்சில் காரும் கிலோ கணக்கும்

கோலசிலாங்கூர் வட்டாரத்தில் எந்தத் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்குப் போனாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். உள்ளே தீமிதிக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருக்கும். வெளியே, செம்பனை மர நிழலில், ஏழெட்டு சின்னக் கார்கள் பொனெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வரிசையாக நிற்கும். சுற்றி இளைஞர் கூட்டம். பேச்செல்லாம் இன்ஜினைப் பற்றித்தான். எந்த டர்போ, எவ்வளவு பூஸ்ட், ஜப்பானிலிருந்து வந்த ஹாஃப்-கட் எந்தக் கடையில் கிடைத்தது, என்ன விலை. எடையைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. பேசினாலும், “பின் சீட்டைக் கழட்டிட்டேன், இப்ப காடி பறக்குது” என்ற ஒரே வரியோடு முடிந்துவிடும்.

அந்த ஒரு வரியைத்தான் இந்தக் கட்டுரையில் கொஞ்சம் பிரித்துப் பார்க்கப் போகிறேன். நான் இயந்திரப் பொறியியல் மாணவி. என் அப்பா பெஸ்தாரி ஜெயா பக்கம் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். (2007-க்கு முன் பிறந்த அண்ணன்மார்களுக்கு அந்த ஊர் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான்.) பெரியப்பா மகன் ஒரு கஞ்சில் வைத்திருக்கிறார். அதில் அவர் மாற்றாத பாகம் பதிவு எண் மட்டும்தான் என்று வீட்டில் கேலி செய்வோம். ஆகவே எனக்கு இந்த விஷயம் பாடப்புத்தகத்திலிருந்தும் வந்தது, வீட்டு வாசலிலிருந்தும் வந்தது.

முதலில் ஒரு சொல் பிரச்சினை. தமிழ்ப்பள்ளியில் கணிதத்தில் ‘பொருண்மை’ என்று ஓர் அலகு படித்தோம், நினைவிருக்கிறதா? கிராம், கிலோகிராம் எல்லாம் அதில்தான் வந்தன. இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் அது ‘ஜிசிம்’ ஆயிற்று. ‘பெராட்’ என்பது வேறு என்றார் இயற்பியல் ஆசிரியர். பொருண்மை என்பது ஒரு பொருளில் எவ்வளவு பொருள் இருக்கிறது என்பது. நிலாவுக்குப் போனாலும் மாறாது. எடை என்பது பூமி அதை எவ்வளவு விசையோடு கீழே இழுக்கிறது என்பது. கார் விஷயத்தில் இரண்டுமே வேலை செய்கின்றன. கிளம்பும்போதும் நிற்கும்போதும் தடுப்பது பொருண்மை. டயரைச் சாலையோடு அழுத்திப் பிடிமானம் தருவது எடை. ஒன்று நமக்கு எதிரி, மற்றொன்று நண்பன். இரண்டையும் சேர்த்தே தூக்கி எறிகிறோம் என்பதுதான் சிக்கல். பட்டறையில் இரண்டுக்கும் ஒரே சொல்தான், ‘வெயிட்’. நானும் இனி எடை என்றே எழுதுகிறேன்.

கஞ்சிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏனென்றால் இது நம் வட்டாரத்துக் கார். 1993-இல் தொடங்கப்பட்ட பெரோடுவா நிறுவனத்தின் தொழிற்சாலை ரவாங்கை அடுத்த சுங்கை சோவில் இருக்கிறது. அங்கிருந்து 1994-இல் வெளிவந்த முதல் கார் கஞ்சில். ஜப்பானின் டைஹாட்சு மீரா காரை ஒட்டிச் செய்யப்பட்டது. முதலில் 660 சிசி மூன்று சிலிண்டர் இன்ஜின், பிறகு 850 சிசி. 2009 வரை தயாரித்தார்கள். ஏழு லட்சத்துக்கும் மேல் விற்றது. கஞ்சில் என்றால் மலாயில் சருகுமான். காட்டிலேயே மிகச் சின்ன மான், எடையே இல்லாத மாதிரி துள்ளி ஓடும். பெயர் வைத்தவர் யாராக இருந்தாலும் சரியாகத்தான் வைத்திருக்கிறார். இந்தக் காரின் எடை 700 கிலோ அளவுதான். இன்றைய மைவி ஏறக்குறைய ஒரு டன்.

தோட்டத்திலிருந்து வெளியேறி வீட்டமைப்புப் பகுதிகளுக்குக் குடிபோன குடும்பங்கள் பலவற்றுக்கு முதல் கார் கஞ்சிலாகத்தான் இருந்தது. அப்பா வாங்கியது, அக்கா ஓட்டிப் பழகியது, கடைசியில் தம்பி கையில் வந்து டர்போ ஆனது. எங்கள் பெரியப்பா வீட்டுக் கதையும் இதேதான்.

இப்போது கணக்குக்கு வருவோம். நியூட்டனின் இரண்டாம் விதி எல்லோரும் படித்ததுதான். விசை என்பது பொருண்மையையும் முடுக்கத்தையும் பெருக்கியது. திருப்பிச் சொன்னால், அதே விசைக்கு எடை குறைந்தால் முடுக்கம் கூடும். எவ்வளவு கூடும்? கணக்குக்காக ஒரு கஞ்சிலின் இன்ஜின் 50 குதிரைத்திறன் என்று வைத்துக்கொள்வோம். கார் 700 கிலோ, ஓட்டுநர் 70 கிலோ, மொத்தம் 770. அதில் 70 கிலோவைக் குறைத்தால் 700. ஒரு டன்னுக்கு 65 குதிரைத்திறன் என்று இருந்தது 71-க்கு மேல் போய்விடும். 10 விழுக்காடு லாபம். அதே லாபத்தை இன்ஜினிலிருந்து எடுக்க வேண்டுமென்றால் 5 குதிரைத்திறன் கூட்ட வேண்டும். கார்புரேட்டர், எக்சோஸ், கேம்ஷாஃப்ட் என்று பட்டறைக்காரர் விலைப்பட்டியல் நீட்டுவார். அதே 70 கிலோவை 1,500 கிலோ எடையுள்ள பெரிய வண்டியிலிருந்து இறக்கினால் 5 விழுக்காடு லாபம்கூட வராது. எடைக் குறைப்பு சின்னக் காருக்குத்தான் பெரிய மருந்து.

இதைத் தொழிலாகவே செய்து காட்டியவர்கள் லோட்டஸ் நிறுவனத்தார். இங்கிலாந்து நிறுவனமாக இருந்தாலும் நமக்குத் தூரத்து உறவு. 1996-இல் புரோட்டோன் அதை வாங்கியது. 2017-இல் கைமாறும் வரை மலேசியச் சொத்தாகவே இருந்தது. நிறுவனர் காலின் சாப்மேன் பெரிய இன்ஜின்களை நம்பாதவர். காரை இலேசாக்குவதே அவர் வழி. அவர் மறைந்த பிறகு வந்த காரென்றாலும் லோட்டஸ் எலீஸ் அந்த வழியிலேயே பிறந்தது. அதன் அலுமினியச் சட்டத்தின் எடை 68 கிலோ. என் அப்பாவின் எடையைவிடக் குறைவு! முழுக் காரும் 725 கிலோ அளவு. இன்ஜின் 1.8 லிட்டர், 120 குதிரைத்திறனுக்குச் சற்றுக் கீழே. இன்று சாதாரணக் குடும்பக் காரிலேயே அவ்வளவு இருக்கிறது. ஆனாலும் அந்தக் கார் நின்ற நிலையிலிருந்து ஆறு வினாடி அளவில் 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது. 1,500 கிலோ கார் ஒன்று அதே விகிதத்துக்கு வர 250 குதிரைத்திறன் வேண்டும்.

பந்தயத்தில் எடையைத் தண்டனையாகவே பயன்படுத்துகிறார்கள். ஜப்பானின் சூப்பர் ஜிடி பந்தயம் சிப்பாங்கில் 2013 வரை பல ஆண்டுகள் நடந்தது, 2025-இல் மீண்டும் வந்தது. அதில் நன்றாக ஓடிப் புள்ளிகள் சேர்க்கும் காருக்கு அடுத்த பந்தயத்தில் கூடுதல் எடையைச் சுமத்துவார்கள். வென்றவனை மெதுவாக்க இன்ஜினைத் தொட வேண்டியதில்லை, கிலோவைக் கூட்டினால் போதும் என்று அவர்களுக்குத் தெரியும். நம் பையன்கள் அதே தண்டனையைப் பணம் கொடுத்து வாங்குகிறார்கள். பட்டறைக்கு அடுத்துள்ள பழைய இரும்புக் கடைத் தராசில் ஒரு நண்பரின் ஸ்பீக்கர் பெட்டியை நிறுத்துப் பார்த்தோம். இரண்டு பெரிய சப்-ஊஃபர், அம்ப்ளிஃபயர், பலகை எல்லாம் சேர்த்து 34 கிலோ. அதே காரில் 4 கிலோ குறைக்க ஃபைபர் பொனெட் வாங்கியிருந்தார். நான் எதுவும் சொல்லவில்லை; தராசே சொல்லிவிட்டது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எடைக் குறைப்பு எல்லா இடத்திலும் வேலை செய்யாது. கோலசிலாங்கூரிலிருந்து தஞ்சோங் காராங், செகிஞ்சான் வழியாகச் சபாக் பெர்ணம் போகும் சாலையை நினைத்துப் பாருங்கள். மேசை மாதிரி தட்டை. இரு பக்கமும் நெல்வயல், செம்பனை, வாய்க்கால். இந்த மாதிரி சமதளத்தில் ஒரு கார் எட்டக்கூடிய உச்ச வேகத்தை எடை ஏறக்குறையத் தீர்மானிப்பதே இல்லை. அங்கே எதிரி காற்று. வேகம் இரட்டித்தால் காற்றின் தடை நான்கு மடங்காகும். பின் சீட்டைக் கழற்றியதால் நேர்சாலையில் காரின் உச்ச வேகம் கூடிவிட்டது என்று சொல்பவர் மனநிறைவைத்தான் சொல்கிறார்.

எடை தன்னைக் காட்டிக்கொள்ளும் இடங்கள் மூன்று. சந்தியிலிருந்து கிளம்பும்போது, மேட்டில் ஏறும்போது, நிற்க வேண்டியிருக்கும்போது. மேடு என்றால் நம் ஊரில் புக்கிட் மெலாவத்தியை விட்டால் பெரிதாக ஒன்றுமில்லை. கோலகுபு பாருவிலிருந்து ஃபிரேசர் மலைக்குப் போகிறவர்களுக்கு இது புரியும். 10 மீட்டருக்கு 1 மீட்டர் உயரும் சரிவில் 60 கிலோமீட்டர் வேகத்தைக் காப்பாற்ற, ஒவ்வொரு 100 கிலோ எடைக்கும் 2 குதிரைத்திறனுக்குச் சற்று மேல் செலவாகிறது. 50 குதிரைத்திறன் காரில் நான்கு நண்பர்களை ஏற்றிக்கொண்டு மலையேறும்போது இரண்டாவது கியரில் முனகுவது இதனால்தான்.

அடுத்தது நிற்பது. இதைத்தான் நான் அதிகம் சொல்ல நினைக்கிறேன்.

அண்ணன் தன் காரிலிருந்து பின் இருக்கை, ஸ்பேர் டயர், தரைவிரிப்பு, அதன் கீழே ஒட்டியிருந்த தார்த் தகடு, பின்கதவுகளின் உள்பலகை என்று நிறையக் கழற்றியிருந்தார். நூறு கிலோ குறைந்திருக்கும் என்று அவருக்கு நம்பிக்கை. நிறுத்துப் பார்த்தால்தானே தெரியும்? தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு வசதி உண்டு. செம்பனை ஆலை இருக்கும் இடத்திலெல்லாம் லோரியை அப்படியே ஏற்றி நிறுக்கும் எடைமேடை இருக்கும். அப்பா அதைத் ‘திம்பாங்’ என்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, லோரிகள் வராத நேரம், அப்பா கேட்டு அனுமதி வாங்கித் தந்தார். எங்களோடு பக்கத்து வீட்டு ஆசிரியையின் மாற்றம் எதுவும் செய்யாத 850 கஞ்சிலும் வந்தது. மேடையிலிருந்த அண்ணன், “முப்பது டன் நிறுக்கிற திம்பாங்குல பொம்மைக் காடியக் கொண்டாந்திருக்கீங்களே” என்று சிரித்தார்.

அந்தத் தராசு 10 கிலோ படியில்தான் காட்டும். ஆகவே எங்கள் எண்களை அந்த அளவுக்கே நம்ப வேண்டும். முதலில் முழுக் காரையும் ஏற்றினோம். பிறகு முன்சக்கரங்களை மட்டும் மேடையில் வைத்துப் பின்சக்கரங்களைச் சமதரையில் நிறுத்தினோம். அப்படிச் செய்தால் முன்பக்கம் எவ்வளவு, பின்பக்கம் எவ்வளவு என்று தனித்தனியாகத் தெரிந்துவிடும். இரண்டு காரிலும் ஓட்டுநர் இல்லை, பாதி டேங்க் பெட்ரோல்.

ஆசிரியையின் கார்: மொத்தம் 700. முன்னால் 430, பின்னால் 270.

அண்ணன் கார்: மொத்தம் 670. முன்னால் 450, பின்னால் 220.

நூறு கிலோ குறைந்தது என்று நினைத்த காரில் குறைந்தது 30 கிலோதான். கழற்றியவை 70 கிலோ அளவுக்கு இருந்தன. ஆனால் டர்போ இன்ஜின், இன்டர்கூலர், அதற்கான குழாய்கள், 15 அங்குல ரிம் எல்லாம் சேர்ந்து 40 கிலோவைத் திரும்பக் கொண்டு வந்துவிட்டன. அண்ணன் முகம் வாடியது இந்த எண்ணுக்காக. எனக்குக் கவலை தந்தது அடுத்த இரண்டு எண்கள். கழற்ற எளிதானவை எல்லாம் காரின் பின்பாதியில் இருக்கின்றன. சேர்த்தவை எல்லாம் மூக்கில் இருக்கின்றன. 61 விழுக்காடாக இருந்த முன்பக்கச் சுமை 67 ஆகிவிட்டது.

இதனால் என்ன ஆகும்? பிரேக் மிதிக்கும்போது கார் மூக்கைக் குத்துவதைப் பார்த்திருப்பீர்கள். பின்பக்கச் சுமையில் ஒரு பகுதி முன்பக்கத்துக்கு மாறுகிறது. எவ்வளவு மாறும் என்பது எவ்வளவு கடுமையாக மிதிக்கிறோம், காரின் ஈர்ப்பு மையம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, முன்பின் சக்கரங்களுக்கு இடையே எவ்வளவு தூரம் என்ற மூன்றைப் பொறுத்தது. கஞ்சிலின் சக்கர இடைவெளி 2.28 மீட்டர். ஈர்ப்பு மையம் அரை மீட்டர் உயரம் என்று கொண்டால், காய்ந்த சாலையில் கடுமையாக மிதிக்கும்போது மொத்த எடையில் 17 அல்லது 18 விழுக்காடு முன்னால் போய்விடும். ஆசிரியையின் காரில் பின்னால் மிஞ்சுவது ஏறக்குறைய 150 கிலோ. அண்ணன் காரில் 100 கிலோ. ஒரு பின்சக்கரத்துக்கு 50 கிலோ. தோட்டத்தில் தோளில் தூக்கிப் போகும் ஓர் உரமூட்டை அவ்வளவுதான் இருக்கும். அந்த ஒரு மூட்டை அழுத்தத்தில்தான் டயர் சாலையைப் பிடிக்க வேண்டும்.

ஆனால் பிரேக்குக்கு இது தெரியாது. முன்சக்கரத்துக்கு இவ்வளவு, பின்சக்கரத்துக்கு இவ்வளவு என்று தொழிற்சாலையில் பங்கு பிரித்து வைத்திருக்கிறார்கள். அந்தப் பங்கு, பின் இருக்கையும் ஸ்பேர் டயரும் இருக்கும் காருக்காகக் கணக்கிட்டது. கஞ்சிலில் ஏபிஎஸ் கிடையாது. பின்னால் டிரம் பிரேக். சுமை குறைந்த பின்சக்கரம் சீக்கிரம் உருளாமல் நின்றுபோகும். உருளாத சக்கரத்துக்குப் பக்கவாட்டுப் பிடிமானம் அநேகமாக இருக்காது. முன்சக்கரம் நின்றுபோனால் கார் நேராக வழுக்கும், அதுவே மோசம். பின்சக்கரம் முதலில் நின்றுபோனால் கார் சுழலும். வளைவில், மழை விட்ட பிறகு, செம்மண் படிந்த தோட்டச் சந்தியில் இது நடந்தால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. நம் வட்டாரச் சாலைகளின் ஓரத்தில் வாய்க்கால் இருக்கும், இல்லையென்றால் செம்பனை மரம் இருக்கும்.

இதை அப்பாவிடம் வரைபடம் போட்டு விளக்கினேன். முழுவதும் கேட்டுவிட்டு, “இதுக்கா பாப்பா இவ்ளோ கணக்கு? குலை ஏத்துன லோரி நிக்காது, வெறும் லோரி நேரா நிக்காது. மழைக்கு வெறும் லோரிதான் பயம்” என்றார். சுமை உள்ள லோரியின் பிரேக் சூடேறி வலுவிழக்கும். காலி லோரியின் பின்சக்கரம் துள்ளி வழுக்கும். இரண்டு வரியில் ஒரு முழு அத்தியாயம். ஆலைக்குப் போகும்போது ஒரு மாதிரியும் திரும்பும்போது வேறு மாதிரியும் பிரேக் மிதிக்க வேண்டும் என்பது அவர் காலுக்கே தெரியும். தென்னமரம், ராஜா மூசா, சுங்கை திங்கி என்று எந்தத் தோட்டத்து லோரிக்காரரைக் கேட்டாலும் இதைச் சொல்வார். காரை மோடிஃபை செய்கிறவர்கள் அவர்களிடம் கேட்பதில்லை.

இதன் மறுபக்கமும் உண்டு. பின் இருக்கையைக் கழற்றாத காரில் ஐந்து பேர் ஏறினால்? ஆளுக்கு 70 கிலோ என்றால் 350 கிலோ, காரின் எடையில் பாதி. ஒரு பெரிய சொகுசுக் காரில் ஐந்து பேர் ஏறுவதற்கும் கஞ்சிலில் ஏறுவதற்கும் உள்ள வேறுபாடு இதுதான். டயர் நல்லதாக இருந்தால் ஒருமுறை நிற்கும் தூரம் எடையால் பெரிதாகக் கூடாது என்பது உண்மை. எடை கூடும்போது பிடிமானமும் கூடுகிறது. சரிசமமாக இல்லை, கொஞ்சம் குறைவாக. ஆனால் இயக்க ஆற்றல் முழுவதும் பிரேக்கில் வெப்பமாக மாற வேண்டும். 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுநர் மட்டும் இருக்கும் கஞ்சிலைவிட ஐந்து பேர் இருக்கும் கஞ்சிலின் ஆற்றல் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அதிகம். முதல் தடவை நிற்கும். மலையிறக்கத்தில் ஐந்தாவது, ஆறாவது தடவை மிதிக்கும்போது பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். டர்போவுக்குச் செலவழித்தவர்கள் பிரேக் பேடுக்குச் செலவழித்திருக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

ரிம் விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் அண்ணன் கோபித்துக்கொள்வார். கஞ்சிலுக்குத் தொழிற்சாலையில் போட்டது 12 அங்குலச் சக்கரம். பையன்கள் போடுவது 14, 15. அழகாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் சக்கரத்தில் கூடும் எடை காருக்குள் கூடும் எடையைப் போன்றதல்ல. காரோடு சேர்ந்து முன்னே போவது ஒரு வேலை, தானே சுழல்வது இன்னொரு வேலை. டயரின் வெளிவிளிம்பில் ஒரு கிலோ கூடினால் கிளம்பும்போது அது இரண்டு கிலோ மாதிரி கனக்கும். போதாததற்கு, அந்த எடை ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கிறது. குழியில் விழும்போது கனமான சக்கரம் மெதுவாகத்தான் மீண்டும் தரையைத் தொடும். அதுவரை பிடிமானம் இல்லை. தோட்டத்துச் சாலையில் குழிக்குப் பஞ்சமா? எடை குறைந்த 13 அங்குல ரிம், நல்ல டயர். கஞ்சிலுக்கு அதுவே சரியான பொருத்தம் என்பது என் கருத்து. திருவிழாவில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், அது உண்மைதான்.

இப்போது பின் இருக்கைக்கே திரும்புகிறேன். இருக்கையைக் கழற்றிய பிறகு அந்தக் காரில் பின்னால் யாரும் ஏறாமல் இருந்தால் ஒரு கணக்கு. ஏறுகிறார்களே! வெறும் தகட்டின் மேல் பாய் விரித்து இரண்டு பேர், மூன்று பேர் கால் நீட்டி உட்கார்ந்து போவதைப் பல முறை பார்த்திருக்கிறேன். பள்ளிப் பிள்ளைகளையும் அப்படி ஏற்றிப் போகிறார்கள். 2009 ஜனவரி 1 முதல் பின் இருக்கையில் உள்ளவர்களும் பாதுகாப்பு வார் அணிவது நம் நாட்டில் கட்டாயம். இருக்கையே இல்லாதபோது வார் எங்கே? 60 கிலோமீட்டர் வேகத்தில் கார் எதிலாவது மோதி நின்றால், வார் அணியாதவர் அதே 60 கிலோமீட்டர் வேகத்தில் முன்னோக்கிப் போய்க்கொண்டிருப்பார். அது 14 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். மறுநடவுக்காக வெட்டக் காத்திருக்கும் கிழட்டுச் செம்பனை மரத்தைப் பாருங்கள். அதன் உச்சியிலிருந்து என்று வைத்துக்கொள்ளலாம். 70 கிலோவைக் குறைத்ததால் கிடைத்த 10 விழுக்காட்டை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

“ரேஸ் காடியில சீட்டு இல்லையே” என்று எதிர்க்கேள்வி வரும். வந்தது. ஆம், சிப்பாங்கில் ஓடும் பந்தயக் காரில் பின் இருக்கை இருக்காது. ஆனால் கழற்றிய இடத்தில் என்ன போட்டிருக்கிறார்கள் என்று எட்டிப் பார்க்க வேண்டும். கூரையிலிருந்து தரைவரை இரும்புக் குழாய்க் கூண்டு, ஓட்டுநரை இருக்கையோடு கட்டிப் பிடிக்கும் பல முனை வார், தீயணைப்புக் கருவி. ஒவ்வொரு கிலோவுக்கும் கணக்குப் பார்க்கிற அவர்களே பல கிலோவைத் திரும்பச் சேர்க்கிறார்கள். பிறகு பிரேக் பங்கீட்டையும் புதிய எடைக்கு ஏற்ப மாற்றுகிறார்கள். நம் பையன்கள் அந்தக் காரியத்தின் முதல் பாதியை மட்டும் காப்பியடிக்கிறார்கள்.

கதவுக்குள் இருக்கும் இரும்புக் கம்பியை அறுத்து எடுப்பதும், கண்ணாடியை எடுத்துவிட்டு அக்ரிலிக் போடுவதும் இதே வகைதான். இன்றைய கார்கள் கனமாக இருக்கின்றன என்று பலர் குறைப்படுகிறார்கள். 2017-இல் வந்த மூன்றாம் தலைமுறை மைவி ஆசியான் என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் பெற்றது. அந்தக் கார் கஞ்சிலைவிடப் பெரியது, அதனாலும் கனம் கூடியது. ஆனால் கூடிய கிலோவில் ஒரு பங்கு காற்றுப்பை, வலுவான கூண்டுச் சட்டம், கதவுக் கம்பி. அவை சும்மா ஏறிய எடை இல்லை.

சட்டத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இன்ஜின் மாற்றினாலும் உடலமைப்பை மாற்றினாலும் ஜேபிஜே அனுமதியும் புஸ்பாகோம் போன்ற மையத்தின் பரிசோதனையும் வேண்டும். காப்புறுதி நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காத மாற்றத்தோடு விபத்து நேர்ந்தால் இழப்பீடு கேட்கும்போது அது நமக்கு எதிராகவே திரும்பக்கூடும். சம்மன் 300 ரிங்கிட் என்று பயப்படுகிறவர்கள் இந்தப் பெரிய தொகையை நினைப்பதில்லை.

சரி, எதைத்தான் குறைக்கலாம் என்கிறீர்களா? முதலில் பூட்டைத் திறந்து குப்பையை இறக்குங்கள். எங்கள் அண்ணன் பூட்டில் பழைய கியர்பாக்ஸ் உறை ஒன்றும், பாதி வாளி சாயமும், இரண்டு ஆண்டுக்கு முந்தைய தைப்பூசத் தண்ணீர் பாட்டில் பெட்டியும் இருந்தன. ஸ்பீக்கர் பெட்டி. கண்ணாடியிழை ஸ்கர்ட். பெரிய ரிம். பிறகு மூக்குப் பக்கம்: இலேசான பொனெட், இலேசான எக்சோஸ். பேட்டரியைப் பூட்டுக்கு மாற்றுவது நல்ல வழி. மொத்த எடை குறையாது, ஆனால் 10 கிலோவுக்குப் பக்கம் முன்னாலிருந்து பின்னால் போகும். மூடிய பெட்டியும் ஃபியூஸும் போட்டு, கம்பியைத் தகட்டில் உரசாமல் இழுக்க வேண்டும். இல்லையென்றால் எடைப் பிரச்சினை தீப் பிரச்சினையாகிவிடும்.

ஸ்பேர் டயரைப் பற்றி எங்களுக்குள் இன்னும் வாக்குவாதம் நடக்கிறது. நகரத்தில் இழுவை லோரியைக் கூப்பிட்டால் வரும், கழற்றினால் கழற்றட்டும் என்று விட்டுவிடலாம். இரவு பத்து மணிக்கு ஈஜோக்குக்கும் பெஸ்தாரி ஜெயாவுக்கும் நடுவே டயர் பஞ்சரானால் என்ன செய்வது என்பது என் வாதம்.

மூன்று வாரம் கழித்து அண்ணன் தாமாகவே வந்து, “அப்பாகிட்ட கேளு பாப்பா, இன்னொரு தடவ திம்பாங்குக்குப் போகலாமா” என்றார். பின் இருக்கையும் வாரும் மீண்டும் ஏறியிருந்தன. பேட்டரி பூட்டில் இருந்தது. ஸ்பேர் டயரும் இருந்தது, வாக்குவாதத்தில் நான் வென்றேன் என்று அவர் ஒப்புக்கொள்ளாவிட்டாலும். மொத்தம் 690, முன்னால் 440, பின்னால் 250. முன்பக்கச் சுமை 64 விழுக்காட்டுக்கு இறங்கியிருந்தது. மோடிஃபை செய்யாத காரின் அளவுக்கு வரவில்லை. டர்போ அங்கேயே இருக்கிறதே. 15 அங்குல ரிம்மைப் பற்றி நான் வாயைத் திறப்பதற்குள் அவர் மேடையிலிருந்து காரை இறக்கிவிட்டார்.